மூணாம் டேபிளுக்கு ஒரு முழுசு

மாஸ்டரைப் பொறுத்தவரை உலகத்தில் மொத்தம் மூன்றே ஜாதி. சிவப்பு, ரோஸ், முழுசு.

ஸ்டேக் என்கிற, அனலில் வாட்டிய தடித்த இறைச்சித் துண்டில் கத்தியை வைத்தால் உள்ளே இன்னும் சிவந்திருக்க வேண்டும் என்பவர்கள் முதல் ஜாதி. அவர்களிடம் மாஸ்டருக்குத் தனி மரியாதை உண்டு. நடுவில் லேசாக ரோஸ் நிறம் இருந்தால் போதும் என்பவர்கள் இரண்டாவது. போனால் போகிறது என்று அவர்களை விட்டுவிடுவார். பொட்டு நிறம்கூட இல்லாமல் முழுக்க வெந்திருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள்தான் முழுசு. அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும்.

"முழுசா வேகணும்னா அதுக்கு ஸ்டேக் எதுக்கு? இடுப்பு பெல்ட்டைக் கழட்டிக் குடுக்கச் சொல்லு, வாட்டித் தர்றேன்" என்பார்.

ஸ்டேக் மட்டுமே போடும் ஓட்டல் அது. சின்ன இடம்தான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. அதன் பக்கத்திலேயே தட்டு வைக்க ஒரு ஜன்னல். அடுப்படியில் நிற்பவருக்கு முதுகுப் பக்கம்தான் ஜன்னல் என்பதால் கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மாஸ்டருக்குத் தெரிய வழியில்லை. சர்வர் குரல் கொடுப்பான், இவர் கை வேலை செய்யும். இத்தனை வருஷமும் அப்படியே ஓடியது.

குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. இறைச்சியைத் துண்டு போடும்போது விழுகிற ஓரம், நரம்போடிய பகுதி, முந்தாநாள் வெட்டி விளிம்பு கறுத்துப் போனது எல்லாம் அதற்குள் போகும். கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. நல்லது என்றும் சொல்ல முடியாது. யாராவது முழுசு கேட்டால் மாஸ்டரின் கை அந்த டப்பாவுக்குத்தான் போகும். தொழில் பழகிய இடத்தில் பெரிய மாஸ்டர்கள் செய்ததைப் பார்த்துப் பழகிய வழக்கம். "அந்த அளவுக்கு வெந்த பிறகு எல்லாம் ஒண்ணுதான். எவன் கண்டுபிடிக்கப் போறான்?" என்பது அவர் கட்சி. இதுவரை எவனும் கண்டுபிடித்ததில்லை. ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி அவர் மகள்.

பள்ளிக்கூடம் விட்டு நேராகச் சமையலறைக்குத்தான் வருவாள். இவர் வாண்டு என்றுதான் கூப்பிடுவார். கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நடுநடுவே சிவப்புத் துண்டில் ஒரு கீற்று வெட்டி அவர் ஊட்டிவிடுவார். மற்ற பிள்ளைகள் மிட்டாய்க்கு அழும் வயசில் இவள் "இன்னும் கொஞ்சம் சிவப்பாப் போடுப்பா" என்று கேட்பாள். மாஸ்டருக்குப் பெருமை தாங்காது.

டப்பாத் துண்டில் நரம்பு உரிப்பதையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கத்தி நுனியை நரம்புக்கு அடியில் விட்டு, அறுபடாமல் ஒரே இழையாக உருவ வேண்டும். அவள் உருவுவாள். உருவியதைச் சுருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்து, "அப்பா, நத்தை பாரு" என்பாள்.

அந்த நாட்களில் மாஸ்டர் அவளிடம் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. "உங்கம்மாவும் நம்ம சிவப்பு ஜாதிதான். நீ வயித்துல இருந்தப்போ டாக்டர் பயமுறுத்திட்டார், பச்சையா எதுவும் உள்ள போகக் கூடாதுன்னு. பத்து மாசமும் முழுசுதான். நல்ல துண்டா எடுத்து, நானே என் கையால அதை முழுசா வேகவெச்சிருக்கேன்னா அது உனக்காக மட்டும்தான்டி வாண்டு. கண்ணுல தண்ணி வரும். ஆனா ஒரு நாள்கூட டப்பா பக்கம் கை போகல."

"எனக்காகவா, அம்மாவுக்காகவா?"

"ரெண்டு பேருக்கும்தான்னு வெச்சுக்கயேன்."

வாண்டு வளர்ந்தாள். வேலைக்குப் போனாள். ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பொய்ப்பல் செய்கிற கூடத்தில் வேலை பார்ப்பவன். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர் பல்லைச் செதுக்குவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னார்கள். அன்றைக்குக் காலையில் அவள் அப்பாவிடம் சொன்னாள்: "அவருக்கு மட்டும் முழுசாப்பா. சிவப்பைப் பாத்தாலே அவருக்கு ஒத்துக்காது."

மாஸ்டர் ஓட்டலிலிருந்து நான்கு துண்டு எடுத்து வந்தார். மூன்று நல்லது. நான்காவது டப்பாவிலிருந்து.

ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டிருக்கிறார். கையில் ஊறிய பழக்கம் என்று தோன்றும். முழுசுக்காரன் ஒருவன் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறானே என்ற வயிற்றெரிச்சல் என்றும் தோன்றும். எதுவாக இருந்தாலும் அந்தத் துண்டு அவன் தட்டில் விழுந்தது. அவன் மென்றான். மென்றுகொண்டே இருந்தான். தாடை நோகிற அளவுக்கு மென்றுவிட்டு, "நல்லாருக்கு மாமா" என்று சிரித்தான்.

"என்ன மாப்ள, ஊரு பல்லெல்லாம் நீங்கதான் செய்யறீங்க, மெல்லறதுக்கு ஒரு செட்டு எடுத்துட்டு வரலையா?" என்றார் மாஸ்டர், ரொம்ப வேடிக்கையாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு.

வாண்டு அவன் தட்டைப் பார்த்தாள். வெட்டிய இடத்தில் வெள்ளை நரம்பு எட்டிப் பார்த்தது.

"அப்பா. இது டப்பாவுலேருந்துதானே?"

"அட, முழுசு கேக்கறவருக்கு எதுவா இருந்தா என்ன? வித்தியாசம் தெரியவா போகுது?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எனக்குத் தெரியுமேப்பா" என்று மட்டும் சொன்னாள். அவனைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனாள். கல்யாணப் பதிவுக்கு அம்மாவை மட்டும் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அப்பாவிடம் ஒரு வார்த்தை கிடையாது.

அப்படிப்பட்டவள் வருகிறாள் என்று ஒரு நாள் காலையில் மனைவி சொன்னபோது, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மாஸ்டரின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னிக்கு மத்தியானம், உங்க ஓட்டலுக்கு. பேச வரலயாம், சாப்பிட வர்றாளாம்" என்றாள் மனைவி. "நீங்க வெளிய வந்து நிக்கக் கூடாது. வாய்ப்பேச்சே வேணாம்னுட்டா. அவ ஆர்டர் குடுப்பா, நீங்க செஞ்சு அனுப்பணும். தட்டு சரியா இருந்தா அவளே கதவைத் தள்ளிட்டு உள்ள வருவா."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா அப்படியே போயிடுவா. அதுக்கப்புறம் நானும் தூது வரக் கூடாதுன்னு சொல்லிட்டா. கடைசி தடவைங்க இது. அவ பிடிவாதம் எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

மாஸ்டர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "தட்டு சரியா இருக்கணும், அவ்வளவுதானே? இது ஒரு பரீட்சையா?"

"ஏங்க, ஆர்டரை மட்டும் காதைக் குடுத்துக் கேளுங்க."

"எம்பொண்ணு என்ன கேப்பான்னு எனக்குத் தெரியாதா?"

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவளே சொல்லணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. நான் ஒண்ணும் சொல்லல. சாப்பாட்டுக் கூட்டம் முடிஞ்சதும் நானும் வர்றேன்" என்றாள். கண்ணில் மட்டும் ஏதோ மின்னியது. மாஸ்டர் அதைக் கவனித்தார். பெண் வருகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு வழக்கத்தைவிட முன்னாலேயே ஓட்டலுக்குப் போனார். வந்திறங்கிய இறைச்சியில் நடுப்பாகத்தைத் தானே வெட்டினார். மெல்லிய கொழுப்பு ஊடும்பாவுமாக ஓடுகிற துண்டாகப் பார்த்து ஒன்றைத் தனியே எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்தார். குளிர்பெட்டியை யார் திறந்தாலும் "அந்தத் துணியைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்று மிரட்டினார்.

சர்வர் புதுசு. உயரமான ஆள் என்பதால் நெட்டை என்று பெயர். வாண்டுவை அவன் பார்த்ததில்லை. மாஸ்டர் அவனைக் கூப்பிட்டார்.

"நெட்டை, நல்லாக் கேட்டுக்க. தனியா ஒரு பொண்ணு வரும். சிவப்பு கேக்கும். வந்த உடனே என்கிட்ட சொல்லணும். புரியுதா?"

"யாரு மாஸ்டர்? பழைய கணக்கா?"

"வாயைக் கழுவுடா. எம்பொண்ணு."

"ஐயோ, மன்னிச்சிருங்க மாஸ்டர். பாக்க எப்படி இருப்பாங்க?"

மாஸ்டர் யோசித்தார். மூன்று வருஷத்தில் ஆள் எப்படி மாறியிருக்கிறாளோ. "அதெல்லாம் வேணாம். சிவப்பு கேக்கும், அதுதான் அடையாளம்" என்றார்.

மத்தியானக் கூட்டம் ஆரம்பித்தது. ரோஸ், ரோஸ், முழுசு, ரோஸ். பக்கத்து அலுவலகங்களிலிருந்து கும்பல் கும்பலாக வந்தார்கள். ஒவ்வொரு முறை நெட்டையின் குரல் கேட்கும்போதும் மாஸ்டரின் கை ஒரு நொடி நின்றுவிட்டு நகர்ந்தது.

"ஏழாம் டேபிள்! தனியா ஒரு அம்மா. சிவப்பு ஒண்ணு!" நெட்டை ஜன்னலில் தலையை நீட்டிக் கண்ணைச் சிமிட்டினான். "மாஸ்டர், வந்தாச்சு!"

மாஸ்டர் குளிர்பெட்டியைத் திறந்தார். துணியைப் பிரித்தார். துண்டை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். உப்பைக் கிள்ளித் தூவினார். இரும்புத் தட்டில் வைத்ததும் எழுந்த அந்தச் 'சொய்ங்' சத்தம் அவருக்கு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

அதே நேரத்தில் ஜன்னலில் மறுபடியும் நெட்டை.

"மூணாம் டேபிளுக்கு ஒரு முழுசு. கொஞ்சம்கூட சிவப்பு இருக்கக் கூடாதாம். உங்ககிட்ட அழுத்திச் சொல்லச் சொன்னாங்க மாஸ்டர்."

"அழுத்தியா?"

"'மாஸ்டர்கிட்டயே சொல்லுங்க, முழுசு'ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க."

"பாரு, வந்துட்டாங்க பாடம் நடத்த! செருப்புக்குத் தோல் வேணும்னா செருப்புக் கடைக்குப் போக வேண்டியதுதானே?"

நெட்டை சிரித்தான். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையைக் கீழ்த்தட்டுக்கு விட்டு டப்பாவைத் திறந்து, கையில் அகப்பட்ட துண்டை எடுத்தார். விளிம்பு கறுத்து, குறுக்கே தடித்த நரம்பு ஓடிய துண்டு. அதை அனலின் ஓரத்தில் எறிந்தார்.

இரண்டும் ஒரே அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் வெந்தன. ஒன்றை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். புரட்டினார், வெண்ணெயை உருக்கி மேலே ஊற்றினார், எடுத்து ஆறவிட்டார், தூங்குகிற பிள்ளையைப் பார்ப்பது போலப் பக்கத்திலேயே நின்றார். இன்னொன்றைக் கரண்டியால் ஓங்கி அழுத்தினார். சாறெல்லாம் வெளியேறி அது சுருங்கியது.

இரண்டு தட்டும் ஒன்றாகவே ஜன்னலுக்குப் போயின.

மாஸ்டர் முகத்தைக் கழுவிக்கொண்டார். கறை படிந்த ஏப்ரனை அவிழ்த்துவிட்டுப் புதுசு கட்டினார். வந்த ஆர்டர்களைக் கை அது பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது; கண் மட்டும் திரும்பித் திரும்பி ஆடும் கதவுக்கே போய்க்கொண்டிருந்தது. கதவு திறந்தால் முதலில் என்ன சொல்வது? மன்னிச்சிடு என்று சொல்லலாம். இல்லை, வாய்ப்பேச்சு வேணாம் என்றாளே. கூடை அந்த மூலையில் கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு துணியால் தூசியைத் தட்டி வைத்தார்.

கதவு திறந்தது. நெட்டைதான்.

"மாஸ்டர், ஏழாம் டேபிள்ல தட்டைத் துடைச்சு வெச்சுட்டாங்க! உங்களைப் பாக்கணுமாம்."

வெளியே வரக் கூடாது என்று சொன்னவளே கூப்பிடுகிறாள்! மாஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். வழியில் இருந்த மூன்றாம் மேஜையின் ஓரம் அவர் இடுப்பில் இடித்தது. நாற்காலி காலியாக இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

ஏழாம் மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி எழுந்து நின்றார். காதோரம் நரைத்திருந்தது.

"நீங்கதான் மாஸ்டரா? இப்படி ஒரு துண்டை நான் என் ஆயுசுல சாப்பிட்டதில்லைங்க. யாருக்கோ பாத்துப் பாத்து செஞ்ச மாதிரி இருந்துச்சு."

மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்ல வேண்டும் என்பதே தோன்றவில்லை. "சரிங்க" என்று ஏதோ முனகிவிட்டுத் திரும்பினார். பரவாயில்லை, வாண்டு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வருவாள். நல்ல துண்டுதான் போய்விட்டது. இன்னொன்று வெட்டலாம். அந்த அளவுக்கு வராது, ஆனாலும் வெட்டலாம்.

சமையலறைக்குள் நெட்டை அழுக்குத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மேலே இருந்த தட்டில் ஒரு வாய் மட்டும் வெட்டியெடுத்த முழுசு, அப்படியே கிடந்தது. தட்டின் ஓரத்தில் நரம்பு. அறுபடாமல், ஒரே இழையாக உருவி, சுருட்டி வைத்த நரம்பு.

நத்தை.

மாஸ்டருக்கு அடுப்பின் சத்தம் நின்றுபோனது போல இருந்தது.

"இது... இது யாரு தட்டு?"

"மூணாம் டேபிள் மாஸ்டர். அழுத்திச் சொன்னாங்களே, அவங்க."

"யாருடா அது? எப்படி இருந்தா?"

"சின்ன வயசுதான். வயித்துப்பிள்ளைக்காரி. ஆறேழு மாசம் இருக்கும், நாற்காலியில உக்காரவே சிரமப்பட்டாங்க." சொல்லிக்கொண்டே வந்த நெட்டை மாஸ்டரின் முகத்தைப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. "நீங்க சிவப்பு கேக்கறவங்களைத்தானே பாக்கச் சொன்னீங்க?"

"என்ன சொன்னா? ஏதாவது சொன்னாளா?"

"ஒரு வாய் சாப்பிட்டாங்க. அப்புறம் தட்டையே பாத்துட்டு இருந்தாங்க. 'மாஸ்டர்தான் செஞ்சாரா'ன்னு கேட்டாங்க. 'ஆமாம்மா, அவரே கைப்பட'ன்னேன். 'முழுசுன்னு நான் சொன்னதைச் சொன்னீங்களா'ன்னாங்க. 'நல்லா அழுத்திச் சொன்னேன்மா'ன்னேன். சிரிச்சாங்க மாஸ்டர். அப்புறம் கத்தியை எடுத்து இதைப் பண்ணிட்டு இருந்தாங்க. நான் ஏழாம் டேபிளுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், ஆளைக் காணோம்."

மாஸ்டர் கடைசிச் சொல் வரை நின்று கேட்கவில்லை. புது ஏப்ரனோடு தெருவுக்கு ஓடினார். பஸ் நிற்கும் இடத்தில் குடை பிடித்த ஒருவரும் ஒரு நாயும்தான் நின்றார்கள். தெருமுனை வரை ஓடினார். மருந்துக் கடைக்குள் எட்டிப் பார்த்தார், துணிக்கடைக்குள் பார்த்தார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாகத்தானே நடந்திருப்பாள், எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று எதிர்ப்பக்கமும் ஓடினார். மூச்சு வாங்க நடுத்தெருவில் நின்றபோது வண்டிக்காரன் ஒருவன் "யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று திட்டிவிட்டுப் போனான்.

அவள் கேட்ட முழுசில் எல்லாமே இருந்தது. அவர் சொல்லி வளர்த்த கதையை அவரிடமே ஒரே வார்த்தையில் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குப் புரியாமல் போகுமா என்ற நம்பிக்கை. புரிந்துகொண்டு அப்பா அனுப்பிய பதில் இதுதான் என்று இப்போது நினைத்துக்கொண்டு போகிறாள். அன்றைக்கு மாப்பிள்ளைக்குப் போட்டதையே இன்றைக்குப் பேரப்பிள்ளைக்கும் போட்டிருக்கிறார்.

மகளுக்குப் போன் செய்து பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை செய்தபோது அதுவும் அடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது சமையலறைக் கதவருகே மனைவி நின்றிருந்தாள். நல்ல புடவை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தாள். "எங்கங்க அவ? உள்ள இருக்காளா? சொல்லிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேடையில் இருந்த தட்டைப் பார்த்தாள்.

இத்தனை வருஷம் ஒரு ஸ்டேக் மாஸ்டரோடு குடும்பம் நடத்தியவள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"டப்பாவுலேருந்தா?"

மாஸ்டர் தலையாட்டினார். "அவதான்னு தெரியாது. சத்தியமா தெரியாது. வேற யாரோன்னு..."

"வேற யாரோன்னா போடலாமா?"

மனைவி அந்தக் கூடைமேல் மெல்ல உட்கார்ந்தாள். நத்தையை விரலால் தொட்டாள். அது காய்ந்து தட்டோடு ஒட்டியிருந்தது.

"நேத்து ராத்திரி என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அம்மா, முழுசுன்னு கேட்டா அப்பாவுக்குப் பொறி தட்டிடும். அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடி வருவார் பாரு'ன்னா. சின்னக் குழந்தை மாதிரி சிரிச்சா."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மூணாம் டேபிளுக்கு நல்லது போயிருக்கும்" என்றாள் அவள். "அவ கேட்டது அது இல்லையே."

ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள். நெட்டை போகாமல் சுவரோரம் நின்றிருந்தான். மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏங்க. அவ என் வயித்துல இருந்தப்போ எனக்குப் பத்து மாசம் முழுசு செஞ்சு குடுத்தீங்களே."

"ஆமா."

"அது எதுலேருந்து எடுத்தீங்க?"

"என்னடி கேள்வி இது! நல்ல துண்டு. ஒவ்வொண்ணும் நல்ல துண்டு. என் கையால பாத்துப் பாத்து..." அது நிஜம். அவர் வாழ்க்கையில் இருந்த நிஜங்களிலேயே கலப்படமில்லாதது அதுதான். "உன் மேல ஆணையா சொல்றேன், ஒரு நாள்கூட டப்பா பக்கம் கை போகல."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நம்ப வேண்டும் என்று முயற்சி செய்வது அவள் முகத்தில் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முழுசா வெந்துட்டா வித்தியாசம் தெரியாதும்பீங்களே" என்றாள். "எனக்கும் தெரியலைங்க."

அவள் எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்கதவு வழியாகப் போனாள். மாஸ்டர் கூப்பிடவில்லை. அடுப்பில் யாருக்கோ போட்ட ரோஸ் ஒன்று கவனிப்பாரில்லாமல் கருகிப் புகைந்துகொண்டிருந்தது.